உறைக்குள் இருந்த உண்மை!

1917ஆம் ஆண்டு. ஐரோப்பாவே போர்த்தீயில் வெந்துகொண்டிருந்த நேரம். ஏஜியன் கடற்பகுதியிலிருந்து இருபது வயது இளைஞர் ஒருவர் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். கடற்படை விமானப் பிரிவிலே விமானியாகச் சேர்ந்தவர் அவர். பகைவர் குண்டு அவர்மீது பாயவில்லை. விமானம் விழுந்து எலும்பு முறியவுமில்லை. அவரை வீழ்த்தியது கண்ணுக்குத் தெரியாத கிருமி! எலும்புருக்கி நோய் என்றும் காசநோய் என்றும் நம்மவர் குரல் தாழ்த்திச் சொல்லிடும் அதே நோய்!

அந்நாளில் அந்த நோய்க்கு மருந்து இல்லை. படுத்துக் கிடக்க வேண்டும். நல்ல காற்றும் நல்ல உணவும் கிடைத்திட வேண்டும். விலாவுக்குள் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருங்க வைத்திடும் கடுமையான முறையும் உண்டு. அவ்வளவுதான். பிழைக்கமாட்டார் என்றே மற்றவர் எண்ணினர். படையிலிருந்து விடுவித்து, முழு ஊனமுற்றோருக்குரிய ஓய்வூதியத்தையும் அரசு எழுதிக் கொடுத்தது. நெடுநாள் கொடுக்க வேண்டியிராது என்று கணக்குப் போட்டிருப்பர் போலும்! கணக்குத் தவறிற்று. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஓய்வூதியத்தைப் பெற்று, 1991ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், தமது 93ஆம் வயதில்தான் அவர் கண்மூடினார்!

ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்பது அவர் பெயர். அவர் மருத்துவர் அல்ல. எந்த மருந்தையும் கண்டுபிடித்தவரும் அல்ல. கத்தி எடுத்து அறுவை செய்தவரும் அல்ல. ஆனால் இன்று உலகின் எந்த மூலையிலும் ஒரு புதிய மருந்து மக்கள் வாய்க்குள் போவதற்குமுன், இவர் வகுத்த சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. தாளும் பென்சிலும், எண்கள் நிறைந்த அட்டவணையும், ஒட்டிய உறைகளும்தாம் அவர் கையாண்ட கருவிகள். நாள்தோறும் மாத்திரையும் ஊசியும் மருந்துச் சீட்டுமாய் அலைந்திடும் உழைப்பாளி மக்கள் இவரை அறிந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். ஆகவேதான் இவர் கதையை இங்கே கூற முற்படுகிறோம்.

1897ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், லண்டனில் பிறந்தார் ஹில். தந்தை லெனார்டு ஹில், பெயர் பெற்ற உடலியல் அறிஞர். தாமும் மருத்துவம் பயில வேண்டும் என்பது மகனின் ஆசை. போர் வந்தது, நோய் வந்தது, ஆசை மண்ணாயிற்று. மருத்துவக் கல்லூரியின் படிக்கட்டில் ஏறும் வலிமைகூட அந்த உடலில் இல்லை. என் செய்வது? எழுந்து போக முடியாதவன், படுத்துக்கொண்டே படிக்கலாம் அல்லவா! அஞ்சல் வழியாகப் பாடம் பெற்று, 1922ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக் கழகத்தின் பொருளாதாரப் பட்டத்தைப் பெற்றார் அவர்.

பொருளாதாரம் படித்தாரே தவிர, உள்ளம் மருத்துவத்தைச் சுற்றியே வந்தது. தந்தையின் நண்பர் மேஜர் கிரீன்வுட் – மேஜர் என்பது படைப் பதவியல்ல, பெற்றோர் இட்ட பெயர் – புள்ளிவிவரக் கலையில் வல்லவர். அவர் கை கொடுத்தார். மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவித் தொகை கிடைத்தது. கார்ல் பியர்சன் என்னும் பேரறிஞரின் வகுப்பிலே அமர்ந்து புள்ளிவிவரக் கணக்கைக் கற்றார். மருத்துவமனை வாசல் மூடிக்கொண்டது. கணக்கு வாசல் திறந்தது. அதன் வழியாகவே நுழைந்து, மருத்துவத்தின் நடுக்கூடத்துக்கே வந்து சேர்ந்தார்!

தொடக்கத்தில் அவர் கணக்கெடுத்தது யாரை? உழைப்பாளிகளை! அச்சகத் தொழிலாளர் எதனால் நோயுறுகின்றனர் என்று ஆராய்ந்தார். லங்காஷயர் பஞ்சாலைகளில் தொழிலாளர் எத்தனை நாள் நோயில் படுக்கின்றனர் என்று எண்ணினார். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியின் தூசியிலே நின்று உழைப்போர்க்கு மூச்சு நோய் மிகுதி என்பதை 1930ஆம் ஆண்டு வெளியான அறிக்கை எடுத்துக் காட்டிற்று. நெஞ்சு அடைக்கிறது என்று தொழிலாளி சொன்னால் சாக்குச் சொல்கிறான் என்பார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளரின் நோய் நாட்களைக் கூட்டி, தூசி நிறைந்த பகுதியையும் தூசி குறைந்த பகுதியையும் அருகருகே வைத்துக் காட்டினால்? அதைச் சாக்கு என்று தள்ளிட எவராலும் இயலாது. எண்ணிக்கைக்கு உள்ள வலிமை அது.

அந்நாளைய மருத்துவ உலகம் எப்படி இருந்தது என்பதையும் நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய டாக்டர் ஒருவர் ஒரு மருந்தைப் புகழ்ந்தார் என்றால் அது நல்ல மருந்து. ஏன்? அவர் பெரிய டாக்டர்! பத்துப் பேருக்குக் கொடுத்தேன், எட்டுப் பேர் எழுந்து நடந்தனர் என்று அவர் எழுதினால் போதும்; ஏடுகள் வெளியிடும், மற்றவர் பின்பற்றுவர். அந்த எட்டுப் பேரும் மருந்தே இல்லாமலும் எழுந்து நடந்திருப்பார்களா? அந்தப் பத்துப் பேரும் தொடக்கத்திலேயே வலிவுள்ளவர்களாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்களா? இந்தக் கேள்விகளைக் கேட்டவர் மிகச் சிலரே.

அதன் விளைவு என்ன? எலும்புருக்கி நோய்க்குத் தங்கத்திலிருந்து செய்யப்பட்ட சானோகிரைசின் என்னும் ஊசியை 1920களில் ஐரோப்பா எங்கும் குத்தினர். டென்மார்க்கிலிருந்து வந்த மருந்து. தங்கம் சேர்ந்த மருந்து. பெரியவர்கள் பாராட்டிய மருந்து. அமெரிக்காவிலே ஒரு மருத்துவர் குழு ஐயம் கொண்டது. 24 நோயாளிகளை 12 பேராக இரு குழுக்களாய்ப் பிரித்தனர். எந்தக் குழுவுக்குத் தங்க ஊசி என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தனர். 1931ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். தங்கம் நோயைத் தீர்க்கவில்லை; உடலுக்குத் தீங்குதான் இழைத்தது! எத்தனை நோயாளிகள் வீணாக அந்த ஊசியைத் தாங்கினரோ! ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்க்கும் அடக்கம் முன்பே இருந்திருந்தால், அந்தத் துன்பத்தில் பெரும்பகுதி தவிர்ந்திருக்கும்.

நாணயம் சுண்டுவதா, சீட்டுப் போடுவதா, மனித உயிரோடு விளையாடுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். வயலைப் பாருங்கள், விளங்கும். இரண்டு எருக்களில் எது சிறந்தது என்று அறிந்திட விரும்புகிறான் ஓர் உழவன். தனக்குப் பிடித்த எருவை வாய்க்கால் ஓரத்து வளமான பாத்தியிலும், மற்றதை மேட்டுப் பாத்தியிலும் போட்டால், விளைச்சல் எதைக் காட்டும்? எருவின் திறத்தையல்ல, வாய்க்காலின் தயவையே காட்டும்! ஆகவே எந்தப் பாத்திக்கு எந்த எரு என்பதை உழவன் தீர்மானிக்கலாகாது. சீட்டே தீர்மானித்திட வேண்டும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு பிஷர் என்னும் கணித மேதை வகுத்த முறை இது. 1935ஆம் ஆண்டு இதுபற்றித் தனி நூலே எழுதினார்.

வயலுக்குப் பொருந்துவது நோயாளிக் கட்டிலுக்கும் பொருந்துமன்றோ! மருத்துவரும் மனிதர்தாமே. புது மருந்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தால், தேறக்கூடிய நோயாளிக்கு அதைக் கொடுத்திட அவர் கை தானாகவே நீளும். அல்லது இரக்க மிகுதியால், சாகக் கிடப்பவனுக்கே கொடுத்திடத் துடிக்கும். இரண்டுமே கணக்கைக் கெடுத்துவிடும். கெட்ட எண்ணத்தால் அல்ல, நல்ல எண்ணத்தாலேயே கெட்டுவிடும்! இதை நன்கு உணர்ந்தவர் ஹில்.

உணர்ந்ததை அவர் உடனே ஊரறிய முழங்கவில்லை. 1937ஆம் ஆண்டு மருத்துவருக்கான புள்ளிவிவரப் பாடங்களை லான்செட் ஏட்டிலே தொடராக எழுதினார். அவ்வாண்டே அது நூலாகவும் வந்தது. அதில் சீட்டு முறையை அவர் வற்புறுத்தவில்லை. ஒருவர் விட்டு ஒருவராக மாற்றி மாற்றி மருந்து கொடுத்திடும் எளிய முறையையே கூறினார். சீட்டு, குலுக்கல் என்றதும் மருத்துவர்கள் மிரண்டு ஓடிவிடுவர் என்று அஞ்சியே அப்படி எழுதியதாகப் பிற்காலத்தில் அவரே விளக்கினார். கூட்டத்தின் நிலையறிந்து பேசிடும் பேச்சாளன் போல, காலம் கனியட்டும் என்று காத்திருந்தார்.

காலம் கனிந்தது. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக் கழகத்தில், வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்திலே, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தை ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் மாணவர் பிரித்தெடுத்தார். எலும்புருக்கி நோய்க் கிருமியை அது கொல்கிறது என்ற செய்தி பரவிற்று. போரால் நொடித்துப்போன இங்கிலாந்திடம் டாலர் இல்லை. வாங்கிட முடிந்ததோ சிறிதளவு மருந்து. கேட்டு நின்றதோ பெருங்கூட்டம்!

இருக்கும் சிறிதளவை யாருக்குக் கொடுப்பது? பணம் படைத்தவருக்கா? செல்வாக்குள்ளவருக்கா? பெயர் பெற்ற எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், அதே நோயால் ஸ்காட்லாந்து மருத்துவமனை ஒன்றில் கிடந்தார். 1948ஆம் ஆண்டு, பத்திரிகை அதிபரான நண்பர் ஒருவரின் முயற்சியால் அமெரிக்காவிலிருந்து அவருக்கு அந்த மருந்து தருவிக்கப்பட்டது. மருந்து அவர் உடலுக்கு ஒவ்வாமல் போகவே நிறுத்தப்பட்டது. 1950ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் மறைந்தார். அவரை நாம் குறை கூறவில்லை. உயிர் யாருக்கும் வெல்லம். ஆனால் கடல் கடந்து மருந்து தருவித்துத் தந்திட நண்பர் இல்லாத சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு என்ன வழி?

மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு குழுவை அமைத்தது. ஜெப்ரி மார்ஷல் தலைவர். பிலிப் டார்சி ஹார்ட் செயலாளர். மருத்துவமனைகளை இணைத்துப் பணியாற்றியவர் மார்க் டேனியல்ஸ். சோதனையின் கணக்கு அமைப்பை வகுத்தவர் பிராட்போர்டு ஹில். ஒரு தனி மனிதரின் சாதனையல்ல, பலர் கூடி இழுத்த தேர். ஆயினும் அதன் அச்சாணி ஹில்லின் முறைதான்.

முதலில் ஒன்றை அவர்கள் தெளிவாக்கினர். மூளை உறையைத் தாக்கும் எலும்புருக்கி போன்று, தப்பாமல் சாகடித்திடும் வகை நோய் கண்டவருக்குச் சீட்டு இல்லை; அவர்களுக்கு மருந்து நேராகவே கொடுக்கப்பட்டது. எஞ்சிய மருந்து, நுரையீரல் நோய் கண்ட எல்லோருக்கும் ஒருபோதும் காணாது. எப்படியும் பெரும்பாலோர்க்குக் கிடைக்கப் போவதில்லை. கிடைக்கும் சிலரைச் செல்வாக்கு தேர்ந்தெடுப்பதைவிட, சீட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். அதனால் ஏற்படும் அறிவு நாளைக்கு எல்லோருக்கும் பயன்படட்டும். இதுவே ஹில் கண்ட நியாயம்.

1947ஆம் ஆண்டு தொடக்கத்தில் சோதனை தொடங்கிற்று. லண்டன், லீட்ஸ், ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளிலுள்ள மருத்துவமனைகள் கலந்துகொண்டன. 15 முதல் 30 வயதுக்குட்பட்டவர்கள். இரண்டு நுரையீரல்களிலும் நோய் விரைந்து பரவுபவர்கள். வேறு சிகிச்சைக்கு இடமில்லாதவர்கள் – இப்படிப்பட்ட 107 பேர். இவர் சோதனைக்கு உரியவர் என்று குழு முதலில் ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் உறை திறக்கப்படும். உறையின் மேலே மருத்துவமனையின் பெயரும் வரிசை எண்ணும் மட்டும் இருக்கும். உள்ளே ஒரு சீட்டு: மருந்தும் படுக்கையும், அல்லது படுக்கை மட்டும். எந்த எண்ணுக்கு எந்தச் சீட்டு என்பதை எண் அட்டவணை கொண்டு ஹில் முன்கூட்டியே அமைத்திருந்தார். உறை பிரிக்கப்படும்வரை மருத்துவருக்குத் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது, சிபாரிசுக் கடிதத்துக்கு அங்கே வேலையே இல்லை!

குடவோலை முறையிலே சோழர்காலத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த கதையை நாம் அறிவோம். குடத்துக்குள்ளிருந்து ஓலையை எடுத்திட ஒரு சிறுவனைத்தான் அழைத்தனர். ஏன்? அவனுக்கு வேண்டியவர் வேண்டாதவர் இல்லை. ஹில்லின் உறையும் அந்தச் சிறுவனின் கை போன்றதே.

இத்தோடு நின்றதா காவல்? இல்லை. நோய் குறைந்ததா கூடியதா என்பதை எக்ஸ்ரே படங்களைக் கொண்டு முடிவு கட்டினர். படம் பார்த்தவர் மூவர். ஒருவரை ஒருவர் கலக்காமல் தனித்தனியே பார்த்தனர். இது மருந்து பெற்றவன் படமா, பெறாதவன் படமா என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஏனெனில், மருந்து பெற்றவன் என்று தெரிந்தால், நம்பிக்கை கொண்ட கண்ணுக்கு நிழல்கூட வெளிச்சமாய்த் தெரியும். மருத்துவரின் நேர்மையை ஐயுற்றதல்ல இது. மனித மனத்தின் இயல்பை அறிந்து எடுத்த எச்சரிக்கை.

மருந்து பெற்றவர் 55 பேர். நாளொன்றுக்கு 4 ஊசி, 4 மாதங்கள். பெறாதவர் 52 பேர். ஆறு திங்கள் கழித்துக் கணக்கெடுத்தனர். மருந்து பெற்ற 55 பேரில் இறந்தவர் 4 பேர். பெறாத 52 பேரில் இறந்தவர் 14 பேர். எக்ஸ்ரே படத்தில் பெரும் முன்னேற்றம் கண்டவர், மருந்து பெற்றவரில் 28 பேர்; பெறாதவரில் 4 பேர் மட்டுமே! 1948ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் அறிக்கை வெளிவந்தது.

4 எங்கே, 14 எங்கே! ஆயினும் எதையும் ஐயுறும் அறிவு இன்னொரு கேள்வியையும் கேட்கும்: இது தற்செயலாக நேர்ந்திருக்கலாகாதா? இந்த இடத்தில்தான் புள்ளிவிவரக் கணக்கு தன் வேலையைக் காட்டுகிறது. ஒரு பானையிலே 107 புளியங்கொட்டைகளைப் போடுங்கள். இறந்தவர் மொத்தம் 18 அல்லவா? 18 கொட்டைகளுக்குச் சுண்ணாம்பு தடவிவிடுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு 55 கொட்டைகளை அள்ளுங்கள். அதிலே சுண்ணாம்புக் கொட்டை ஏறத்தாழ 9 இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்; சிலமுறை 8, சிலமுறை 10, 11. நான்கோ அதற்கும் குறைவோ வருவது எத்தனை முறை? நூறு முறை அள்ளினால் ஒரு முறைகூட வருவது அரிது! தற்செயலுக்கு அவ்வளவு குறைந்த இடமே உண்டு என்றால், மருந்து வேலை செய்தது என்று துணிந்து கூறலாம். மருந்தே பயன் தராதது என்று வைத்துக்கொண்டு, அப்படியானால் இத்தகைய வேறுபாடு எத்தனை அரிதாகத் தோன்றும் என்று கேட்பதே இந்தக் கணக்கின் சாரம்.

ஆனால் ஒன்றை மறந்திடலாகாது. கண்ணைக் கட்டிக்கொண்டு அள்ளியிருந்தால்தான் அந்தக் கணக்குச் செல்லும். கண்ணைத் திறந்துகொண்டு பொறுக்கியிருந்தால், கணக்கு வெறும் வேடம். உறைதான் கணக்குக்கு உயிர்!

இனி, அந்த 52 பேர்! அவர்களை எண்ணாமல் மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. இளைஞர்கள், இளம்பெண்கள். உறைக்குள் இருந்த சீட்டு அவர்களுக்குப் படுக்கையை மட்டும் கொடுத்தது. தாம் ஒரு சோதனையில் இருப்பதும், பக்கத்திலே மற்றொரு குழு மருந்து பெறுவதும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நோயாளியிடம் எல்லாவற்றையும் கூறி ஒப்புதல் பெற வேண்டும் என்னும் வழக்கம் அந்நாளில் வேரூன்றவில்லை. மருந்து பற்றாக்குறையைக் காட்டி அந்தப் பிரிவினைக்கு நியாயம் கூறலாம். மறைத்ததற்கு அந்த நியாயம் போதாது. மனிதர்மீது நடக்கும் சோதனைக்கு அவர்தம் ஒப்புதல் வேண்டும் என்ற விதி 1947ஆம் ஆண்டு நூரம்பர்க் தீர்ப்பிலும், 1964ஆம் ஆண்டு ஹெல்சிங்கி அறிக்கையிலும் எழுந்தது. இன்று, கேட்காமல் யாரையும் சீட்டில் சேர்க்கலாகாது. பெரியவரைப் போற்றுகிறோம் என்பதற்காக அவர் காலத்துக் குறையை மூடி மறைத்திட நாம் தயாரில்லை. எதையும் மூடி மறைக்காதே என்பதுதானே அவர் கணக்கு நமக்குக் கற்பிப்பதும்!

அந்தக் கணக்கு, மருந்தின் குறையையும் மறைக்கவில்லை. மருந்து பெற்றவர் பலருக்குத் தலைசுற்றல் வந்தது. அதைவிடக் கொடியது மற்றொன்று: சில திங்களிலேயே கிருமிகள் மருந்தை எதிர்த்து வாழக் கற்றுக்கொண்டன. ஐந்தாண்டு கழித்து மீண்டும் கணக்கெடுத்தனர். மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்திருந்தனர். பெறாத 52 பேரில் 35 பேர். ஆறு திங்களில் மலைபோல் நின்ற வேறுபாடு, ஐந்தாண்டில் மேடாகத் தேய்ந்துவிட்டது! ஒப்பிட ஒரு குழு இல்லாதிருந்தால், முதல் ஆறு மாத மகிழ்ச்சியிலேயே உலகம் ஏமாந்திருக்கும். ஒப்புநோக்கு இருந்ததால், ஒற்றை மருந்து போதாது என்பது விளங்கிற்று. பாஸ் என்னும் மற்றொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்து அடுத்த சோதனையை நடத்தினர். இரண்டும் சேர்ந்தால் கிருமி எதிர்த்து நிற்பது வெகுவாகக் குறைகிறது என்று 1950ஆம் ஆண்டு தெரிந்தது. எலும்புருக்கி நோய்க்குக் கூட்டு மருந்து என்னும் வழி இப்படித்தான் பிறந்தது. இந்த 107 பேருக்கும் உலகம் கடன்பட்டிருக்கிறது. மருந்து பெற்றவருக்கு மட்டுமல்ல, பெறாதவருக்கும்!

ஹில் ஓயவில்லை. கக்குவான் இருமல் தடுப்பூசியைச் சோதித்தார். ரிச்சர்டு டால் என்னும் மருத்துவருடன் சேர்ந்து, நுரையீரல் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று ஆராய்ந்தார். இங்கே சீட்டுப் போட முடியாது; நீ புகை, நீ புகைக்காதே என்று மனிதரைப் பிரித்திட எவருக்கும் உரிமையில்லை. ஆகவே வேறு வழி கண்டார். லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் கண்டவர் 709 பேரையும், வேறு நோய் கண்டவர் 709 பேரையும் ஒப்பிட்டு, சிகரெட்டே முக்கியக் காரணம் என்று 1950ஆம் ஆண்டு இருவரும் எழுதினர். ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே டால் சிகரெட்டைக் கைவிட்டார்! 1951ஆம் ஆண்டு இங்கிலாந்து மருத்துவர்களுக்கே கேள்விச் சீட்டு அனுப்பினர். நாற்பதாயிரம் பேர் பதில் எழுதினர். அவர்களில் இறந்தவர் எதனால் இறந்தனர் என்று ஆண்டுதோறும் பார்த்துவந்தனர். முடிவு உறுதிப்பட்டது.

இதை எதிர்த்தவர் யார் தெரியுமா? சீட்டு முறையை உலகுக்குத் தந்த அதே பிஷர்! குழாய்ப் புகை பிடிக்கும் பழக்கமுள்ளவர் அவர். மேதையாயினும் ஹில்லின் கணக்கை ஏற்க மறுத்தார். எவ்வளவு பெரிய அறிஞரானாலும், தனக்குப் பிடித்ததைக் கைவிடுவது கடினம். ஆகவேதான் ஆளைப் பார்க்காதே, கணக்கைப் பார் என்கிறோம். 1965ஆம் ஆண்டு, சீட்டுப் போட முடியாத இடங்களில் காரணத்தை எப்படி முடிவு செய்வது என்பதற்கு ஒன்பது வகை ஆய்வுரைகளை ஹில் வகுத்துக் கொடுத்தார். உலகெங்கும் இன்றும் அவற்றைக் கற்பிக்கின்றனர். 1961ஆம் ஆண்டு அரசு அவருக்கு சர் பட்டம் வழங்கியிருந்தது.

இந்தக் கதை இங்கிலாந்தோடு முடிவதாயின், நமக்கு இவ்வளவு ஆர்வம் எழுந்திராது. ஹில் வகுத்த அதே முறை, நம் சென்னைக்கு வந்தது! எலும்புருக்கி நோய்க்குச் சானட்டோரியம் வேண்டும், பாலும் முட்டையும் இறைச்சியும் வேண்டும், ஓராண்டு ஓய்வு வேண்டும் என்பதே அதுவரை உலகின் கருத்து. கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்றிருப்பவன் எங்கே போவான் ஓராண்டு ஓய்வுக்கு? சானட்டோரியத்தில் கட்டிலோ சில; நோயாளிகளோ பல்லாயிரவர். ஏழைக்கு இந்த நோய் வந்தால் சாவுதான் என்று எழுதி வைத்தது போலிருந்தது நிலைமை.

1956ஆம் ஆண்டு, சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்தின. வாலஸ் பாக்ஸ் என்னும் மருத்துவர் தலைமை ஏற்றார். சென்னை ஏழை மக்களிடையே நோய் கண்ட 193 பேரைச் சீட்டு முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவு சானட்டோரியத்தில். மறு பிரிவு தத்தம் வீட்டில், நெருக்கடியான குடியிருப்பில், கிடைத்த கஞ்சியோடு. இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகள், ஓராண்டுக் காலம்.

1959ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. சானட்டோரியத்தில் இருந்தவர் நன்றாக உண்டனர், ஓய்வெடுத்தனர், எடையும் அதிகம் கூடினர். ஆனால் நோய் தீர்ந்ததில்? வீட்டில் இருந்தவர் ஏறத்தாழ அவர்களுக்கு ஈடாகவே தேறினர்! வீட்டிலே வைத்துப் பார்த்ததால் மனைவி மக்களுக்குத் தொற்று கூடியதா? அதுவும் இல்லை என்று பின்னர் வந்த கணக்குகள் காட்டின. குணமாக்கியது மாளிகையல்ல, மருந்து! அந்த முடிவு உலகத்தின் போக்கையே மாற்றிற்று. வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமாகும் வழி ஏழை நாடுகள் எல்லாவற்றுக்கும் திறந்தது. மேலை நாட்டுப் பெருமருத்துவர் எவரேனும் வெறும் வாயால் சொல்லியிருந்தால் உலகம் நம்பியிருக்காது. சென்னைச் சேரியின் 193 ஏழைகள் சீட்டு முறையில் நின்று சொன்னார்கள். உலகம் நம்பியே தீர வேண்டியதாயிற்று!

ஹில் காலத்தில் கையால் போட்ட கணக்கை, இன்று கணிப்பொறி இமைப்பொழுதில் போட்டுவிடுகிறது. எஸ்.ஏ.எஸ். என்றும் ஆர் என்றும் பெயர் கொண்ட மென்பொருள்கள் பல்லாயிரம் நோயாளிகளின் விவரத்தை விழுங்கி முடிவைக் கக்குகின்றன. உறைக்குப் பதில், சீட்டைக் கணிப்பொறியே போடுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் பிரிவினை நேர்மையாக நடந்ததா, இறந்தவனைக் கணக்கிலிருந்து நைசாக நீக்கினார்களா, பாதியில் நின்றவனைச் சேர்த்தார்களா, தோற்ற சோதனையைப் பெட்டிக்குள் பூட்டினார்களா – இவற்றை எந்திரம் தானாகக் கேட்காது. மனிதன்தான் கேட்டாக வேண்டும்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் கண்டோம். ஹைட்ராக்சி குளோரோகுயின் என்னும் மாத்திரையை நாட்டுத் தலைவர்களே வானளாவப் புகழ்ந்தனர். மக்கள் கடைகளில் மொய்த்தனர். பிரிட்டனில் ரெக்கவரி என்னும் பெயரிலே சீட்டு முறையில் பெருஞ்சோதனை நடந்தது. மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளின் சாவை அந்த மாத்திரை குறைக்கவில்லை என்பது வெட்டவெளிச்சமாயிற்று. அதே சோதனையில், டெக்சாமெத்தசோன் என்னும் பழைய, மலிவான மருந்து, மூச்சுக்கருவி பொருத்தப்பட்டவரில் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது! புகழப்பட்டது வீழ்ந்தது; எவரும் போற்றாதது வென்றது. விலையும் விளம்பரமும் பார்க்காத நீதி அது.

தோழர்களே! நாளைக்கு உங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு மருந்து வரும். ஆயிரம் பேர் குணமாயினர் என்பார்கள், பெரிய மனிதரின் படத்தைப் போடுவார்கள், பழம்பெருமை பேசுவார்கள். ஆத்திரப்படாமல் கேளுங்கள்: யாரோடு ஒப்பிட்டீர்? மருந்து இவருக்கு, இல்லை அவருக்கு என்று பிரித்தவர் யார்? முடிவு சொன்னவருக்கு, மருந்து பெற்றவர் யாரென்று முன்பே தெரியுமா? இறந்தவர் எத்தனை பேர், அவரைக் கணக்கில் சேர்த்தீரா? இவற்றைக் கேட்டிடப் பட்டம் வேண்டாம், துணிவு போதும்.

சாகப் போகிறவர் என்று எண்ணப்பட்ட இருபது வயது நோயாளி, படுக்கையில் கிடந்தபடி படித்து, உலகத்து நோயாளிகளுக்கெல்லாம் தேடித் தந்த உரிமை அது. பெரியவர் சொல்லுக்கும் சிறியவர் உயிருக்கும் நடுவே, ஓர் ஒட்டிய உறையை வைத்துவிட்டுப் போனார் பிராட்போர்டு ஹில். அந்த உறையை எவரும் முன்கூட்டிப் பிரித்துப் பார்க்காதபடி காத்திடுவது நம் கடன்.